பனி ஏறுவதற்குள்: நுவரெலியா மாவட்டத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் மலையகத்தில் வழி கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இந்தா, கிட்டத்தான் தம்பி." அந்தக் "கிட்டத்தான்" கால் மணி நேரமாகவும் இருக்கலாம், இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. தலையில் விறகுக் கட்டோடு தினமும் ஏறி இறங்குகிறவருக்கு அது கிட்டத்தான். ஆகவே எவ்வளவு தூரம் என்று கேட்பதில் பயனில்லை. "பெக்டரிக்கு முன்னாலயா, தாண்டியா?", "போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் அக்கா?", "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் சரியான பதில் வரும்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீட்டர். சமவெளிக்காரர் கணக்கில் ஒன்றரை மணி நேரம். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம், மழையென்றால் இன்னும் கூடும். மலையில் எல்லாமே இப்படித்தான், கடிகாரத்தின் கையில் இருக்கிறது. பனிமூட்டம் காலை ஒன்பது, பத்துக்கு ஏறும். மழை பின்னேரம் இரண்டு மணியிலிருந்து வரும். ஆறரைக்குள் இருட்டிவிடும். தோட்டத்துப் பஸ் அதற்கு முன்பே போய்விடும். "ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை" என்று திரும்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போன இடம் சரிதான், போன நேரம்தான் பிழை.

எந்த மாதம், மலையின் எந்தப் பக்கம்

"நுவரெலியாவுக்குப் போக நல்ல மாதம் எது?" என்ற கேள்வியே அரைகுறை. மாதத்தோடு பக்கத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழையெல்லாம் கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கொட்டும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம், வெலிமடை, பண்டாரவளை, எல்ல என்று ஊவாவில் கச்சான் காற்று வீசி மண் வெடித்துக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவத்தில் தலைகீழ்: இராகலை, வலப்பனை, உடப்புசல்லாவை, நக்கில்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு எல்லாம் நனையும். ஹட்டன் பக்கம் மெல்லத் தெளிந்து வரும்.

நுவரெலியா நகரம் ஏறக்குறைய இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது ஒரு வசதி. ஜூலையில் நகரத்தில் விடாமல் தூறினால் அறைக்குள் குந்தியிருக்க வேண்டாம். வெலிமடைப் பாதையில் இறங்குங்கள். ஹக்கலை தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே மேகம் அறுந்து வெயில் தெரிவது சாதாரணம். மழை வெளிச்சுவரில் முட்டி நின்றுவிடும், உள்ளே வராது.

ஒக்டோபர், நவம்பர் இரண்டும் எந்தப் பக்கத்துக்கும் ஆகாது. காலை பளிச்சென்று இருக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். மண்சரிவுகள் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29 காலையில். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் அறுத்துவிட்டுப் போனது. எனவே பழைய பயணக் குறிப்பு எதையும், இதையும் சேர்த்துத்தான், நம்பிப் புறப்படாமல் பாதை திறந்திருக்கிறதா, கோச்சி (ரயில்) ஓடுகிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

மொத்தத்தில் ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படுகிறவருக்குப் பெப்ரவரியும் மார்ச்சும். ஏப்ரலைத் தவிருங்கள். புத்தாண்டு சீசன் என்று குதிரை ஓட்டம், மலர்க் கண்காட்சி, வாகன நெரிசல், இரண்டு மடங்கு அறை வாடகை. அது திருவிழா பார்க்கிறவர்களுக்கு. நடக்கிறவர்களுக்கு அல்ல.

ஏறிய கியரில் இறங்கு

கோச்சியில் போக விரும்பினால் முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். அன்றைக்கே பார்த்தால்தான் ஆசனம். கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயில்களில் எல்லாமே கண்டிக்குள் வருவதில்லை. உடரட்ட மெனிக்கே பேராதனைச் சந்தியோடு நேரே போய்விடும், பொடி மெனிக்கே கண்டி வந்து போகும். இறங்குவது நானுஓயாவில். நகரத்துக்கு அங்கிருந்து பஸ்ஸோ முச்சக்கர வண்டியோ பிடிக்க வேண்டும். கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிற வழக்கம் பெருகிவிட்டது. சுரங்கச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் இருப்பது சொற்ப இடம், முதுகைக் காட்டி நிற்கிறவருக்குச் சுரங்கம் வருவது தெரியாது.

சொந்த வாகனம் என்றால் ஏறுவதில் ஆபத்து குறைவு. இறங்குவதில்தான் ஆட்கள் சாகிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். கம்பளைக்கு இறங்குவதற்குள் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தை இழக்கிறீர்கள். அவ்வளவு தூரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் தட்டு சூடேறி, அந்தச் சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும். பிறகு மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. எரிந்த றப்பர் போல ஒரு வாடை வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சில்லில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான இரும்பு வெடிக்கும், வளையும். பழைய லொறிச் சாரதிகளின் விதி எளிது: ஏறிய கியரிலேயே இறங்கு. ஓட்டோமெட்டிக் வாகனத்தில் 'டி'யிலேயே விடாமல் 'எல்' அல்லது '2'க்கு மாற்றுங்கள்.

ஸ்கூட்டரில் வருகிற இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலம் மிகக் குறைவு, முழுப் பாரமும் சின்ன டிரம் பிரேக்கின் தலையில். இரண்டு பேர் ஏறி, பையும் வைத்துக்கொண்டு றம்பொடை இறக்கத்தில் இறங்குவதென்றால் ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு தேத்தண்ணி குடிப்பது கடமை.

ஹோர்ட்டன் சமவெளி: ஆறு மணிக்கு வாசலில்

மாவட்டத்தில் ஒரே ஒரு நடைதான் என்றால் இதுதான். சராசரி 2,100 மீட்டருக்கு மேலே, புல்வெளியும் குட்டைக் காடும் மாறி மாறி வரும் மேட்டுநிலம். 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது.

சுற்றுப்பாதை கிட்டத்தட்ட ஒன்பதரைக் கிலோமீட்டர், ஃபார் இன் கட்டடத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடியும். சாதாரண நடைக்கு மூன்றிலிருந்து மூன்றரை மணி நேரம். பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை உலக முடிவுக்கு, மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. எந்தப் பக்கம் போனாலும் சுற்றி வரலாம், ஆனால் எப்போதும் உலக முடிவையே முதலில் முடியுங்கள். நீர்வீழ்ச்சி பனியிலும் தெரியும், உலக முடிவு தெரியாது.

ஏன் தெரியாது என்பதைப் புரிந்துகொண்டால் நேரம் தானாக விளங்கும். உலக முடிவு ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்துப் பாறை. அதன் காலடியில் கிடப்பது பெலிஹுல்ஓயா, பலாங்கொடைப் பக்கத்துத் தாழ்நிலம். இரவில் அங்கே குளிர்ந்து கிடக்கும் ஈரக் காற்று, வெயில் ஏற ஏறச் சூடாகிப் பாறைச் சுவரைப் பற்றிக்கொண்டு மேலே எழும்பும். உயர உயரக் குளிர்ந்து, விளிம்புக்கு வரும்போது வெண்மூட்டமாகிவிடும். காலை எட்டு மணிக்குப் பார்த்தால் ஆழத்தில் பஞ்சுத் துண்டுகளாகத் தொடங்குவது தெரியும். எட்டரைக்கு அவை ஒன்று சேரும். ஒன்பதரைக்கு உங்கள் காலடியில். பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பெரும்பாலும் பயனில்லை, ஏனென்றால் வெயில் ஏறுவது நிற்கப் போவதில்லை.

ஆக, பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எட்டு மணிக்குள் விளிம்பில் நிற்க வேண்டும். அதற்கு ஆறரைக்கு நடக்கத் தொடங்க வேண்டும், ஆறு மணிக்கு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். நுவரெலியா நகரத்திலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். காலை நாலே முக்கால், ஐந்துக்குள் வான் புறப்பட்டாக வேண்டும். பகல் கோச்சியில் ஒஹியவில் இறங்கி ஏறலாம் என்று நினைக்கிறவர்கள் கவனியுங்கள்: அங்கிருந்து ஃபார் இன் வரை பதினொரு கிலோமீட்டர் அளவு ஏற்றம். நீங்கள் மேலே சேரும்போது பனி உங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். கோச்சியில் வருவதானால் முதல் நாள் வந்து பக்கத்தில் தங்குங்கள்.

மலைக்குப் போகிறவருக்கு இரண்டு அட்டைகள் உண்டு. ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், அதைப் பற்றிப் பிறகு. மற்றது தேசிய அடையாள அட்டை, நீங்கள்தான் மறக்காமல் கொண்டுபோக வேண்டும். உள்நாட்டவர் கட்டணத்துக்கு அதைக் கேட்பார்கள். உள்நாட்டுச் சீட்டுக்கும் வெளிநாட்டுச் சீட்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் உறை, லஞ்ச் ஷீட், ஷொப்பிங் பை எல்லாம் அங்கேயே வாங்கி வைக்கப்படும், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். சாப்பாட்டை மூடியுள்ள பெட்டியில் கொண்டுபோவது நல்லது. கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலும் இந்தக் குளிருக்கென்றே பிறந்தது போல, ஆறினாலும் தொண்டையில் இறங்கும். சோறு விறைத்துப் போகும். நீங்கள் ஒருவேளை முணுமுணுக்கலாம், ஆனால் இந்தச் சோதனை காரணமில்லாமல் இல்லை. ஃபார் இன் பக்கம் வந்து நிற்கும் மரைகளுக்கு, அதாவது பெரிய மான்களுக்கு, ஆட்கள் பாண் போடுகிறார்கள். உப்பும் வாடையும் ஒட்டிய பொலித்தீனையும் அவை சேர்த்துத் தின்றுவிடும், அது வயிற்றில் உருண்டு அடைத்துக்கொள்ளும். மரை பக்கத்தில் வந்தால் படம் எடுங்கள், பாண் வேண்டாம்.

உடை விஷயத்தில் பிழை விடுகிறவர்கள் அதிகம். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், ஒன்பது மணி வெயிலோ தோலை எரிக்கும். ஒரே ஒரு கனத்த ஜெக்கட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு உதவும், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். டெனிம் காற்சட்டை பனியில் நனைந்தால் காயாது, கனக்கும், தொடையை உராயும். குடை உலக முடிவுக் காற்றில் மூன்று நிமிடம் தாக்குப் பிடிக்காது. தொப்பி வைத்த மழைக் கோட்டு வேண்டும். சப்பாத்தின் அடிப்பாகம் பல்லுப் பல்லாக இருக்க வேண்டும், பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் எப்போதும் ஈரம்.

சின்ன உலக முடிவு முதலில் வரும், சுமார் 270 மீட்டர் ஆழம். சிலர் அதையே பெரியது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர் அளவு நடக்க வேண்டும். விளிம்பில் புல் அடர்ந்து தரைபோலவே தெரியும், அடியில் மண் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஈரத்தில் அந்தக் கறுப்பு மண் சோப்புக் கட்டி. பாறையில் மட்டும் கால் வையுங்கள், படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி அடி வைக்காதீர்கள்.

இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கிறவர்களுக்கு: பட்டிப்பொல வாசலுக்கு அருகில் தொட்டுபொல மலைக்கு ஒரு பாதை பிரிகிறது, உச்சி 2,357 மீட்டர், ஒரு வழி இரண்டு கிலோமீட்டர் அளவு. அதைவிடப் பெரிய வேலை கிரிகல்பொத்த. நாட்டின் ஆக உயர்ந்த பீதுருதலாகல, 2,524 மீட்டர், மேலே தொலைத்தொடர்புக் கோபுரங்களும் இராணுவமும் இருப்பதால் வாகனத்தில் மட்டுமே போக விடுகிறார்கள். ஆகவே காலால் ஏறக்கூடிய ஆக உயர்ந்த சிகரம் கிரிகல்பொத்ததான். ஒரு வழி ஏழு கிலோமீட்டர், போய்வர ஆறேழு மணி நேரம், சதுப்பும் முட்புதரும். இதற்குத் தனியாகப் போகாதீர்கள், உள்ளே போகுமுன் பூங்கா அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மற்ற அட்டை

ஹோர்ட்டன் சமவெளியின் குளிரில் அட்டைத் தொல்லை குறைவு. நக்கில்ஸ் காடு, கினிகத்தேனைப் பக்கத்து ஈரக்காடு, சிவனொளிபாதத்துக்கு இரத்தினபுரிப் பக்கமிருந்து ஏறும் பாதை, அங்கேதான் அதன் ராச்சியம். மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் இலைச் சருகில் ஒரு நூல் துண்டு எழுந்து நின்று ஆடினால் அதுதான். வெயில் காலத்தில் மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும்.

மரத்திலிருந்து தலையில் விழும் என்பது கட்டுக்கதை. அட்டை கீழிருந்து ஏறுகிறது: காலடி அதிர்வையும் மூச்சுக் காற்றையும் உடம்புச் சூட்டையும் பிடித்து, சாண் சாணாக அளந்துகொண்டு வந்து சப்பாத்தின் கண்ணி வழியாக நுழையும். முன்னால் நடக்கிறவர் எழுப்பிவிடுவார், பின்னால் வருகிறவருக்குத்தான் கடி. வரிசையில் மூன்றாவது ஆளாக நடக்க யாரும் முன்வராததன் காரணம் இதுதான்.

காற்சட்டை நுனியை மேஸுக்குள் (காலுறைக்குள்) செருகுங்கள். மேஸின் மேல் காய்ந்த சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துத் தடித்த படலமாக்குங்கள், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும், மழையில் கரைந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். பழைய முறை, உப்பைத் துணியில் பொட்டலமாகக் கட்டித் தடி நுனியில் முடிந்துகொண்டு, ஏறுகிற அட்டையைத் தொட்டால் அது சுருண்டு விழும். சப்பாத்தில் ஏறும்போது உப்பு நல்லது, கடித்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். உப்போ நெருப்போ பட்டால் அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள் கக்கிவிடும், புண் அதனால்தான் பழுக்கிறது. சரியான முறை நகம். மெல்லிய நுனிதான் வாய், அந்தப் பக்கம் தோலோடு ஒட்டி நகத்தை வழுக்கிவிட்டால் பிடி விடும். உடனே தடித்த பக்கத்தையும் நெம்பிச் சுண்டிவிட வேண்டும், தாமதித்தால் விரலைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு இரத்தம் நிற்காது. பயப்பட ஒன்றுமில்லை. அட்டையின் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை மடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிமிடத்துக்கொரு தரம் தூக்கிப் பார்த்தால் நிற்காது. அதன் பிறகும் சில மணி நேரம் கசியலாம், பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு நடையைத் தொடரலாம். ஒரு வாரம் அரிக்கும், சொறிந்தால் இரண்டு வாரம். கண்ணிலோ மூக்கிலோ ஏறினால் மட்டும் கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓடையில் முகத்தை வைத்துத் தண்ணீர் குடிப்பதை விட்டால் அந்த நிலை வராது.

தோட்டத்துக்குள் நடக்கும்போது

இப்போது பீக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட நடைப்பாதை ஒன்று 22 கட்டங்களாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியா பீட்ரூ தோட்டத்தில் முடிகிறது. முழுவதும் நடக்கத் தேவையில்லை. கண்டியில் தங்கியிருக்கிறவருக்கு ஹந்தானையிலிருந்து கலஹா வரையான முதல் கட்டமே ஒரு நாளுக்குப் போதும், பதின்மூன்று கிலோமீட்டர் அளவு. கலஹாவுக்கு அப்பால் இருப்பது லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த தோட்டம் அது.

தோட்டத்துப் பாதை எல்லாம் பொதுப் பாதை அல்ல. தொலைபேசி வரைபடம் ஒரு கோட்டைக் காட்டினால் அந்தக் கோட்டின் நடுவில் பூட்டிய கேட் இருக்கலாம். தோட்டக் காவலரான வாச்சரைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல் நேரே போய், "அண்ணே, இந்தப் பக்கமா கீழ் டிவிசனுக்கு இறங்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே குறுக்குப் பாதை காட்டிவிடுவார். மருந்து அடித்த தேயிலை மலையில் கால் வைக்காதீர்கள், புல் மஞ்சளாகக் கருகிக் கிடந்தால் அங்கே களைகொல்லி விழுந்திருக்கிறது. தேயிலை வரிசைக்கு நடுவே கான் (வடிகால்) வெட்டியிருக்கும், புல் மூடி வெளியே தெரியாது, கணுக்கால் சுளுக்குவது அங்கேதான். காட்டு ஓரத்தில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கும் இருக்கும், அதில் சிறுத்தையும் மாட்டிச் சாகிறது, நாயும் மாட்டுகிறது. பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கொழுந்து பறிக்கிற பெண்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். அவர்கள் பார்வைப் பொருள் அல்ல, வேலையில் இருக்கிறவர்கள். கிலோக் கணக்கில் சம்பளம் வெட்டுப்படும். உங்களுக்காகச் சிரித்து நிற்கும் ஐந்து நிமிடமும் அவர்களுடைய கூடையிலிருந்துதான் போகிறது.

சிறுத்தை, பாம்பு என்று பயந்துகொண்டு வருகிறவர்கள் குளவியை மறந்துவிடுகிறார்கள். தோட்டங்களில் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில் அதுதான் முன்னணி. நம் பேச்சில் குளவி என்பது இரண்டு: உண்மையான குளவி ஒன்று, உயர்ந்த மரக் கிளையிலும் பாறை நெற்றியிலும் பாலத்தின் அடியிலும் கறுப்புத் தட்டாகத் தொங்கும் பெரிய மலைத்தேனீ மற்றொன்று. பருந்து கூட்டைக் கொத்தினாலோ, காற்று கிளையை உலுக்கினாலோ, யாராவது புகை போட்டாலோ கலையும். "அந்தப் பக்கம் போகாதீங்க, கூடு இருக்கு" என்று ஒரு அக்கா சொன்னால் அதற்கு மேல் விவாதம் இல்லை, சுற்றிப் போங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு தோட்டத்துக்குள் வராதீர்கள், பாறையடியில் கூச்சல் போடாதீர்கள்.

கலைந்துவிட்டால் நின்று கையை வீசுவதுதான் ஆகப் பெரிய பிழை. ஒன்று கொட்டிய இடத்தின் வாடைக்கு மற்றவையும் வரும். சட்டையைத் தூக்கி முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஓடுங்கள், கட்டடமோ கதவடைத்த வாகனமோ கிடைக்கும் வரை. தேனீ கொடுக்கை விட்டுவிட்டுப் போகும், பிடுங்க இடுக்கி தேடாமல் நகத்தாலோ அடையாள அட்டை விளிம்பாலோ உடனே வழித்தெறியுங்கள், ஒவ்வொரு நொடியும் நஞ்சு உள்ளே போகிறது. உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றுவது, இதில் எது வந்தாலும் ஒரே கொட்டு என்றாலும் ஆஸ்பத்திரி. இருபது முப்பது கொட்டு என்றால் எதுவும் வராவிட்டாலும் ஆஸ்பத்திரி. 1990 இலவச அம்புலன்ஸ். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, டிவிசனின் (தோட்டப் பிரிவின்) பெயரும், பலகையில் எழுதியிருக்கும் தேயிலை மலையின் நம்பரும் வேண்டும்.

சிவனொளிபாதம்: சீக்கிரம் போவதும் பிழை

மேலே சொன்னதெல்லாம் "முந்திப் போ" என்பது. சிவனொளிபாதமலைக்கு மட்டும் அது அப்படியே பொருந்தாது. 2,243 மீட்டர். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ், அங்கிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். பருவகாலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை. அந்தக் காலத்தில் மட்டும் பாதை நெடுக விளக்கும் கடைகளும் இருக்கும். மற்ற மாதங்களில் இருட்டு, காற்று, மழை, மூடிய கடை. பழக்கமில்லாதவர்கள் தனியே ஏறக் கூடாது.

நடுத்தர நடைக்கு ஏற மூன்று மணி முதல் நான்கு மணி நேரம். பலர் இரவு பத்துக்கே புறப்பட்டு இரண்டு மணிக்கு உச்சியில் சேர்ந்து, வியர்வையில் ஊறிய சட்டையோடு நாலு மணி நேரம் காற்றில் நடுங்குகிறார்கள். அதற்குப் பின் காய்ச்சல். வார நாளில் இரண்டு மணியளவில் புறப்பட்டால் கணக்குச் சரியாக இருக்கும். போயா (பௌர்ணமி) நாளும் வாரக் கடைசியும் வேறு கதை, மேல் படிகளில் சனம் அடைத்து ஒரு மணி நேரத்துக்கு இருபது படி நகரும். அந்த நாட்களைத் தவிருங்கள். உலர்ந்த பனியன் ஒன்றைப் பொலித்தீனில் சுற்றிப் பையில் வையுங்கள், உச்சிக்குக் கொஞ்சம் கீழே மாற்றிக்கொள்ளுங்கள். கம்பளித் தொப்பி, கையுறை. தண்ணீர் அதிகம் சுமக்க வேண்டாம், வழி நெடுகத் தேத்தண்ணிக் கடை உண்டு. மேலே போகப் போக விலை ஏறும், ஒவ்வொரு தேயிலைத் தூளும் சீனியும் ஆளின் தோளில் ஏறி வந்தது என்பதால் பேரம் பேச மனம் வராது.

சூரியன் எழும்போது எல்லோரும் கிழக்கே பார்த்துத் தொலைபேசியைத் தூக்குவார்கள். அந்த நேரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேற்குப் பக்கத்துச் சுவருக்குப் போங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாகக் கீழே காட்டின் மேல், மேகத்தின் மேல் நீண்டு கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் நிமிடத்துக்கு நிமிடம் சுருங்கி மலையடிக்கே திரும்பி வருவதைக் காணலாம். மலை எப்படி இருந்தாலும் நிழல் முக்கோணம்தான்.

இறக்கத்தில் முழங்கால் பேசும். நேரே குதித்து இறங்காமல் பக்கவாட்டாகக் காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். வெயில் உறைக்கும் முன் நல்லதண்ணி சேர்ந்துவிடலாம்.

மிச்சமிருக்கிற நேரத்துக்கு

நகரத்துக்குள் அதிகம் செலவிட ஒன்றுமில்லை. கிரகரி வாவியில் படகும் குதிரையும் பிள்ளைகளுக்கு. விக்டோரியா பூங்காவை மட்டும் தவறவிடாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை விடியலில் போனால், வேலியோரச் சருகில் ஆறுமணிக் குருவி கொத்திக்கொண்டு நிற்கும். வடக்கேயிருந்து குளிர்காலம் கழிக்க வரும் விருந்தாளி. ஹக்கலைப் பூங்கா 1861இல் கொய்னா மருந்து எடுக்கும் சின்கோனா பயிரிடத் தொடங்கியது, பக்கத்திலேயே சீத்தா எலியவில் சீதையம்மன் கோயில். ஒற்றை மர மலைக்கு நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம், பீதுருதலாகலயை நேரெதிரே பார்க்கலாம்.

டெவன், சென்கிளேயர் இரண்டும் தலவாக்கலைப் பாதையிலிருந்தே தெரியும். மேல் கொத்மலைத் திட்டத்துக்குப் பின் சென்கிளேயரில் தண்ணீர் குறைந்துவிட்டது, பழைய படத்தைப் பார்த்துவிட்டு வந்து ஏமாறாதீர்கள்.

நீர்வீழ்ச்சிகளில் குளிப்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம், மழை மேலே வேறு மலையில் பெய்துகொண்டிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் தடித்தால், உடுப்பைத் தேடாமல் கரையேறுங்கள். அடுத்து வருவது சில நிமிடத்தில் வரும்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் அங்கே வசிக்கிறவர்களே வெளியேற வேண்டிய நிலை, சுற்றுலாப் பயணிக்கு அங்கே வேலையில்லை. வழியில் வீதியில் புது வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், சரிவிலிருந்து திடீரென்று பீறிடும் சேற்றுத் தண்ணீர், அல்லது ஓடிக்கொண்டிருந்த ஓடை சட்டென்று வற்றுவது, இதில் எதைக் கண்டாலும் கடந்து போகப் பார்க்காமல் திரும்புங்கள், 117க்கு அறிவியுங்கள். மலைச் சந்தியில் பஸ்ஸை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. ஏதாவதொரு கோயிலடியில் கேட்டால் ஒரு சாயத்தண்ணியும் படுக்க ஒரு பாயும் கிடைக்கும், காலையில் முதல் பஸ் நாலரைக்கே வந்துவிடும்.